தட்டோடும் கங்காருவும்

2010-இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு கூடாரம் எழுந்தது. ஆகிம் மெங்கஸ், யான் க்னிப்பர்ஸ் என்ற இரு பேராசிரியர்களின் ஆய்வுக்கூடங்களும் அவர்களுடைய மாணவர்களும் சேர்ந்து செய்தது. ஆறரை மில்லிமீட்டர் தடிமனுள்ள ப்ளைவுட் பட்டைகளை வளைத்து ஒன்றோடொன்று பூட்டியதுதான் மொத்தக் கட்டுமானமும். தூண் கிடையாது, உத்தரம் கிடையாது. வளைத்த பலகை நிமிரப் பார்க்கும் விசையே கூடாரத்தை விறைப்பாக நிறுத்தி வைத்திருந்தது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட துண்டுகள், எல்லாம் வெவ்வேறு அளவு. வெட்டிக் கொடுத்தது இயந்திரக் கை. கொண்டுவந்து பூட்டியது மனிதக் கை.

அந்தக் கூடாரத்தின் காணொளியை எங்கள் விடுதியில் ஒரே மடிக்கணினியைச் சுற்றி உட்கார்ந்து பார்த்தோம். சென்னைக்குத் தெற்கே, வயலும் ஏரியும் மனையாக மாறிக்கொண்டிருந்த வட்டாரத்தில் இருந்த தனியார் கல்லூரிகளில் ஒன்று எங்களுடையது. இணையம் விட்டுவிட்டு வரும். படம் நிற்கும், சுழலும், மறுபடி ஓடும். நாங்கள் பி.ஆர்க். மூன்றாம் ஆண்டு. அதுவரை மவுண்ட்போர்டையும் ஃபெவிகாலையும் தாண்டி எதையும் செய்ததில்லை. சமர்ப்பிக்கும் நாளுக்கு முந்தைய இரவில் கட்டர் பட்டு விரல் கிழியாத ஆள் வகுப்பில் கிடையாது. கை வேலை என்றால் எங்களுக்கு அவ்வளவுதான்.

கணினிக்கூடம் மூன்றாம் மாடியில், குளிரூட்டப்பட்டு இருந்தது. செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும். பட்டறை தரைத்தளத்தில், ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால். ரம்பம், இழைப்புளி, உளி எல்லாம் எண்ணெய் பூசிச் சுவரில் வரிசையாகத் தொங்கும். ஒவ்வொன்றுக்கும் கீழே பெயர்ச்சீட்டு. ஆய்வுக்குழு வரும் நாளில் அதைத் திறப்பார்கள். கட்டடக்கலை படிக்கிற பிள்ளை ஐந்தாண்டில் ஒரு செங்கல்லைக் கூடக் கையிலெடுக்காமல் பட்டம் வாங்கிவிட முடியும். பலர் வாங்கினோம். யாரும் கெட்டுப்போய்விடவில்லை என்பதும் உண்மை.

ஐந்தாம் ஆண்டில், 2013-இல், ஒரு விருப்பப் பாடம் வந்தது. எடுத்தவர் இளம் ஆசிரியர். ஆரோவில்லில் சில காலம் வேலை பார்த்தவர். கரும்பலகையில் அவர் எழுதிய திட்டம் சின்னது: கல்லூரி வாசலில் காவலர்கள் வெயிலில் நிற்கிறார்கள், அவர்களுக்கு ஒரு நிழல் வேண்டும். கம்பி கூடாது, கான்கிரீட் கூடாது. வடிவத்தைக் கணினியில் தேடலாம். கட்டுவது மட்டும் நம் கையால்.

முதலில் ஆரோவில் மண் கட்டுமான நிறுவனத்துக்குக் கூட்டிப்போனார். வளைவு, கவிகை, குவிமாடம் ஆகியவற்றைக் கட்டச் சொல்லித் தருவதற்கென்றே அங்கே பயிற்சி வகுப்புகள் உண்டு. 1989-இல் சத்பிரேம் மைனி தொடங்கிய நிறுவனம் அது. சுமார் 5 விழுக்காடு சிமென்ட் கலந்த செம்மண்ணைக் கைப்பொறியில் அழுத்தி மண்கல்லாக எடுப்பார்கள். சூளையில் வேக வைப்பதில்லை, நிழலில் ஈரம் காத்து ஆற வைப்பதுதான். கோவை வெள்ளியங்கிரி அடிவாரத்தில் உள்ள தியானலிங்கத்தின் செங்கல் குவிமாடமும் இவர்கள் வடிவமைத்ததே. 22 மீட்டருக்கு மேல் விட்டம், உள்ளே ஒரு கம்பி இல்லை. இதையெல்லாம் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் கிழக்குக் கடற்கரைச் சாலை முழுக்க எங்களுக்குள் வாக்குவாதம்: நாம் எதைக் கொண்டு கட்டுவது? மண்கல்லுக்குப் பொறி இல்லை. செங்கல் என்றால் பாரம், சாரம், சென்ட்ரிங்.

விடை எங்கள் தலைக்கு மேலேயே இருந்தது. சென்னை வீடுகளின் மொட்டை மாடியில் பதிக்கிற தட்டோடு. ஏறக்குறைய ஒன்பது அங்குலச் சதுரம், முக்கால் அங்குலத் தடிமன், சுட்ட களிமண். எந்தக் கட்டுமானப் பொருள் கடையிலும் கிடைக்கும். ஸ்பெயினின் கத்தலோனியாவில் இப்படிப்பட்ட மெல்லிய ஓடுகளை ஜிப்சம் சாந்தால் விளிம்போடு விளிம்பு ஒட்டிக் கவிகை கட்டுவது நூற்றாண்டுகளாக நடக்கிறது. 1881-இல் அமெரிக்காவுக்குக் குடியேறிய ரஃபேல் குவாஸ்தவினோ அந்த வித்தையைக் கையோடு கொண்டுபோனார். பாஸ்டன் பொது நூலகம், நியூயார்க் கிராண்ட் சென்ட்ரல் நிலையத்தின் கீழ்த்தளம், எல்லிஸ் தீவில் குடியேறிகள் வரிசையில் நின்ற பெரிய கூடம் எல்லாம் அந்தக் குடும்பத்து ஓட்டுக் கூரைகள்தான். ஜிப்சம் சாந்து ஓரிரு நிமிடத்தில் இறுகிவிடும். அதனால் கீழே பலகை முட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. ஒட்டிய ஓடே அடுத்த ஓட்டைத் தாங்கும். முதல் அடுக்கு நின்றபின் அதன்மேல் குறுக்காக இன்னொரு அடுக்கு, சிமென்ட் கலவையில்.

வடிவம் தேடும் வேலை எங்களுடையது. ராபர்ட் ஹூக் 1675-இல் ஒரு லத்தீன் வாக்கியத்தின் எழுத்துகளைக் கலைத்துப்போட்டு ஒரு புத்தகத்தின் கடைசியில் அச்சிட்டார். கண்டுபிடிப்பு தன்னுடையது என்று பதிவாக வேண்டும், ஆனால் வேறு யாருக்கும் புரியவும் கூடாது. அவர் இறந்தபிறகு 1705-இல்தான் புதிர் அவிழ்ந்தது. சேதி இதுதான்: தொங்கும் சங்கிலி எந்த வளைவில் நிற்கிறதோ, அதே வளைவைத் தலைகீழாக்கினால் கல் வளைவு நிற்கும். தொங்குகிற சங்கிலியில் இழுவிசை மட்டுமே இருக்கிறது. கவிழ்த்தால் அது முழுக்க அழுத்தமாக மாறுகிறது. செங்கல்லும் ஓடும் அழுத்தத்தை நன்றாகத் தாங்கும், இழுத்தால் விண்டுபோகும். ஸ்பெயினில் கவுதி, கொலோனியா குயெல் தேவாலயத்துக்காக நூல்களில் ஈயக்குண்டுப் பைகளைக் கட்டித் தொங்கவிட்டு, ஏறக்குறைய பத்தாண்டு அந்த நூல் மாதிரியோடு மல்லுக்கட்டினார். அதைப் படமெடுத்துத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்துத்தான் வரைந்தார்.

அவருக்குப் பத்தாண்டு பிடித்த அந்தத் தேடலைத்தான் எங்கள் கணினி கண்ணெதிரே செய்து காட்டியது. ரைனோ என்ற முப்பரிமாண மென்பொருள். அதற்குள் டேவிட் ரட்டன் எழுதிய கிராஸ்ஹாப்பர். அதற்குள்ளே டேனியல் பைக்கர் எழுதிய கங்காரு. வெட்டுக்கிளி, கங்காரு, காண்டாமிருகம் என்று ஒரு மிருகக்காட்சி சாலையே பென்டிரைவில் இருந்தது. கிராஸ்ஹாப்பரில் கோட்டை வரைவதில்லை; அந்தக் கோடு எப்படி வர வேண்டும் என்கிற விதியை வரைகிறோம். அகலத்தை மாற்றினால் மற்றதெல்லாம் தானாக மாறிக்கொள்ளும். கங்காருவில் ஒரு வலையை விரித்து, நான்கு மூலையைக் கட்டிவைத்து, புவியீர்ப்பை மேல்நோக்கித் திருப்பிவிட்டால், வலை குலுங்கிக் குலுங்கி மேலே உப்பி, ஒரு நிலையில் அடங்கும். அந்த நிலைதான் ஹூக் சொன்ன வளைவு. என் தோழி ஒருத்தி இதில் கைதேர்ந்தவள். பத்து அடி அகலம், ஆறு அடி எழுச்சி, தரையிலிருந்து ஒன்றரை அடியில் பெஞ்சு உயரத்திலேயே வளைவு கிளம்பிவிடும் என்று அவள் காட்டியபோது திரையைப் பார்த்துக் கைதட்டினோம்.

மேஸ்திரி வந்தது அதற்குப் பிறகுதான். திண்டிவனம் பக்கத்துக்காரர், அறுபதைத் தாண்டியவர். கல்லூரியில் ஏற்கெனவே கழிப்பறை வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் திரையைக் காட்டிப் பயனில்லை என்று சார் பாரிமுனையில் வாங்கிய மெல்லிய சங்கிலியைச் சுவரில் இரண்டு ஆணியில் மாட்டினார். பின்னால் வெள்ளைத்தாள். நான் பென்சிலால் கோடு இழுத்துக்கொண்டிருந்தேன்.

“என்னா பாப்பா இது, சங்கிலிய செவுத்துல மாட்டி வச்சிக் கோடு போட்டுக்கினு இருக்கீங்க?”

சொன்னோம். தாளைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்தும் காட்டினோம். சற்று நேரம் பார்த்தார்.

“எங்க அப்பாரு மதகுக்கு ஆர்ச்சு கட்டினவரு. மண்ணக் குவிச்சி, தட்டித் தட்டி ரூபம் கொண்டாந்து, அதுமேல கல்லு அடுக்கி, சாந்து காஞ்சப்பறம் அடியில மண்ண வெட்டி எடுத்துடுவாரு. அந்தக் குவியலுக்கு யாரு சங்கிலி மாட்டினாங்க?”

சார் சிரித்தார். “கண்ணுல மாட்டியிருப்பாரு மேஸ்திரி.”

“அதச் சொல்லு,” என்றார் அவர்.

அடுத்து அவர் கேட்டதுதான் எங்களை உட்கார வைத்தது. “வளைவு நிக்கும், சரி. செவுரு நிக்குமா?” எங்கள் திரையில் கவிகை இருந்தது, அதைத் தாங்கும் சுவர் வெறும் நான்கு புள்ளிகளாகத்தான் இருந்தது. கட்டிவைத்த மூலை நகராது என்பது கங்காருவின் நம்பிக்கை. தரையில் அப்படி எதுவும் நகராமல் இருப்பதில்லை. கணக்குப் போட்டோம். ஓட்டின் எடையும் வளைவின் எழுச்சியும் சேர்ந்து, சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் உத்தேசமாக 90 கிலோ வெளிப்பக்கம் தள்ளும். ஒன்றரைக் கல் சுவரில் அந்தத் தள்ளல் அடிமட்டத்தின் நடு மூன்றில் ஒரு பங்கைத் தாண்டி வெளியே போயிற்று. விழாது, ஆனால் உள்பக்கத்து அடிக்கல் இறுக்கம் தளர்ந்து விரிசல் காட்டலாம். சுவரைத் தடிமனாக்கலாம் என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். மேஸ்திரி வேறொன்று சொன்னார்: “தடிமன் எதுக்கு? வளைவு உக்கார்ற எடத்துக்கு வெளியில, செவுத்துமேல ரெண்டு மூணு வரி கல்லு சும்மா ஏத்தி வையி. பாரம் கீழ அமுக்கினா வெளிய தள்ளாது.” மாதிரியில் அந்த எடையைச் சேர்த்தபோது விசைக்கோடு உள்ளே வந்துவிட்டது. ஐரோப்பியத் தேவாலயங்களில் முட்டுச்சுவரின் மேல் கூர்ங்கோபுரங்களை ஏற்றி வைத்ததற்கு இதே காரணம் என்று சரித்திரப் பாடத்தில் படித்துத் தேர்வும் எழுதியிருந்தோம். படித்தது எங்களில் யாருக்கும் அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. அவர் அதைப் படித்ததே இல்லை.

திரையில் உள்ள வளைவைத் தரைக்குக் கொண்டுவர வழிகாட்டிச் சட்டங்கள் வேண்டும். முன்னால் ஒன்று, நடுவில் ஒன்று, பின்னால் ஒன்று. இவற்றுக்கிடையே நூல் கட்டினால் நூலைப் பார்த்து ஓடு ஒட்டலாம். முன்பக்க விளிம்பு சற்று மேலே தூக்கியிருந்ததால் மூன்று சட்டமும் மூன்று வளைவு. இதை வெட்ட அம்பத்தூருக்குப் போனோம். ஸ்டுட்கார்ட்டில் இருந்த இயந்திரக் கை எங்களுக்கு வாய்க்கவில்லை. வாய்த்தது, பூஜை அறைக் கதவில் ஓம், மயில், தாமரை செதுக்கும், கணினி வழி ஓடும் சிஎன்சி ரவுட்டர். கடை முழுக்க மணி தொங்கவிடத் துளைபோட்ட கதவுகள். இயக்குபவர் எங்கள் வயதுக்காரர், ஐடிஐ படித்தவர். கோப்பைத் திறந்து பெரிதாக்கிப் பார்த்தார்.

“இந்த உள்மூலைய இப்படி நேரா வரைஞ்சா வெட்ட முடியாது மேடம். பிட்டு உருண்டை. மூலையில ரவுண்டுதான் வரும். ரெண்டு பலகையும் பூட்டிக்காது. மூலைக்கு மூலை ஒரு சின்னத் துளை போட்டு வாங்க, பிட்டு அதுல போய்த் திரும்பிக்கும்.”

அதோடு விடவில்லை. அட்டியிலிருந்து ஒரு ப்ளைவுட்டை இழுத்துப்போட்டு வெர்னியரால் பிடித்துக் காட்டினார். பன்னிரண்டு மில்லிமீட்டர் என்று முத்திரை குத்தியிருந்த பலகை பன்னிரண்டு இல்லை. அரை மில்லிமீட்டருக்கு மேல் குறைந்தது. ஒரே பலகையின் இரண்டு ஓரத்துக்கும்கூட வித்தியாசம் இருந்தது. “எந்த லோடு வருதோ அதை அளந்துட்டு அப்புறம் வரையணும். நாங்க கதவுக்கே அப்படித்தான்.” கிராஸ்ஹாப்பரின் உண்மையான அருமை எனக்குப் புரிந்தது அங்கேதான். தோழி மடிக்கணினியை ஒரு மயில் கதவின்மேல் வைத்து, தடிமன் என்ற ஒரே எண்ணை மாற்றினாள். அத்தனை பூட்டுவாயும் தாமாகச் சுருங்கிக்கொண்டன. ஆட்டோகேடில் என்றால் ஓர் இரவு போயிருக்கும். வளைவழகு காட்டுவதற்கு இந்த மென்பொருள் என்றுதான் பத்திரிகைகளில் படம் போடுகிறார்கள். அளவு பிசகும் உலகத்தோடு ஒத்துப்போக உதவுகிறது என்பதே அதன் பெரிய பயன் என்று நான் சொல்வேன்.

பூட்டிய இடம் சில இன்னும் லொடலொடத்தன. கல்லூரிக்கு மேசை நாற்காலி பழுது பார்க்கும் ஆசாரி ஆப்பு சீவி அடித்து இறுக்கினார்.

கட்டத் தொடங்கியதும் பெரிய சிக்கல் சாந்தில் வந்தது. ஜிப்சம் சாந்துக்கு எடுத்த பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் (பிஓபி) மேஸ்திரிக்குப் பழக்கமில்லாத பொருள். அது ஃபால்ஸ் சீலிங்காரர்களின் பொருள். அவர் கை சிமென்ட் கலவைக்குப் பழகியது. ஒரு பாண்டு முழுக்கக் கலந்து நிதானமாக வேலை பார்ப்பவர். பிஓபியை அப்படிக் கலந்தால் மூன்றாவது ஓட்டுக்குள் பாண்டிலேயே கல்லாகிவிடும். கிண்ணம் கிண்ணமாகக் கலக்க வேண்டும். தண்ணீரில் தூளைத் தூவ வேண்டும், தூளில் தண்ணீரை ஊற்றக் கூடாது. ஓடு காய்ந்திருந்தால் சாந்தின் ஈரத்தை உறிஞ்சிப் பொருக்குத் தட்டிவிடும். செங்கல்லைப் போல ஊறப் போட்டாலும் பிடிக்காது. முக்கி எடுத்து, மினுமினுப்பு போனவுடன் ஒட்ட வேண்டும். மேஸ்திரிக்குக் கோபம் வந்துவிட்டது. “இது வேலையா, சுண்ணாம்பு வெளையாட்டா?” என்று கரண்டியைப் போட்டுவிட்டு டீக்குப் போனார்.

அவரோடு வந்த சித்தாள் அக்கா அந்த இடைவெளியில் கிண்ணத்தைக் கையிலெடுத்தார். இருபது வருடமாகக் கலவை போட்டுத் தலையில் சுமந்தவர். எந்தப் பதம் எப்போது மாறும் என்பதை விரலை விட்டே சொல்வார். சாந்து இறுகும்போது சூடேறும். அந்தச் சூட்டை ஓட்டின் முதுகில் உள்ளங்கையால் தொட்டுப் பார்த்து, “ம், வுடு,” என்பார். நாங்கள் கையை எடுப்போம். ஓடு காற்றில் நிற்கும், கீழே எதுவுமில்லாமல். முதல் ஓடு அப்படி நின்றபோது சுற்றியிருந்த யாருமே பேசவில்லை; டீக்கடையிலிருந்து திரும்பி வந்த மேஸ்திரி குனிந்து அடியில் பார்த்தார், பிறகு அக்காவைப் பார்த்தார். அன்றிலிருந்து முதல் அடுக்கு அக்காவின் பொறுப்பு, நூலும் மட்டமும் மேஸ்திரியின் பொறுப்பு, இரண்டாம் அடுக்குச் சிமென்ட் வேலை அவர் கை. நாங்கள் ஓடு முக்கிக் கொடுத்தோம், ஒட்டினோம், பிடித்துக்கொண்டு எண்ணினோம்.

தமிழ்நாட்டுக் கட்டுமானத் தளங்களில் பெண்கள் சித்தாளாக வந்து சித்தாளாகவே ஓய்கிறார்கள். கூட வந்த பையன் மூன்று வருடத்தில் கொத்தனாராகிவிடுவான். கரண்டியை யாரும் பெண் கையில் கொடுப்பதில்லை. இந்தக் கவிகைக்கு வலு தேவைப்படவில்லை, பதம் தேவைப்பட்டது. அதுவும் ஊரில் யாருக்குமே பழக்கமில்லாத வேலை என்பதால், இது ஆண் வேலை, அது பெண் வேலை என்று பிரிப்பதற்கு ஆளில்லை. வேலை முடிந்ததும் அக்கா மறுபடி பாண்டு சுமக்கப் போனார். கூலியும் சித்தாள் கூலிதான். அதை மாற்ற எங்கள் மென்பொருள் எதிலும் விதி இல்லை.

ஓடுகளும் ஒரே அளவில் இல்லை. சூளையில் வெந்த விதத்தைப் பொறுத்து ஒன்று வளைந்திருக்கும், ஒன்று சுருங்கியிருக்கும். திரையில் போட்ட வரிசைக்கும் தரையில் வந்த வரிசைக்கும் உச்சிக்குப் போகப் போக இடைவெளி கூடியது. கடைசியில் உச்சி வரியில் எந்த ஓடும் பொருந்தவில்லை. சட்டத்தின் வளைவு சரி, ஓடுதான் விரலகலம் மிச்சம். மேஸ்திரி ஒவ்வொரு ஓட்டையும் கையில் வாங்கி, கண்ணால் ஒரு முறை இடத்தைப் பார்த்து, கொத்துக்கரண்டியின் விளிம்பால் ஒரே தட்டில் உடைத்துக் கொடுத்தார். உடைந்த விளிம்பு வைத்த மாதிரி உட்கார்ந்தது. நாங்கள் அளவெடுத்து வெட்டும் இயந்திரத்தில் வெட்டிய ஓடுகளைவிட அவர் உடைத்தவை நன்றாகப் பிடித்தன. வெட்டிய முகம் வழவழப்பு, உடைந்த முகம் சொரசொரப்பு.

எடை வைத்துப் பார்க்கும் நாளில் மணல் மூட்டையோடு நின்றோம். வளைவுக்கு ஆபத்து நடுவில் ஏறும் பாரத்தைவிட ஒருபக்கமாக ஏறும் பாரத்தில்தான் அதிகம். ஆகவே ஒரு பாதியில் மட்டும் மூட்டைகளை அடுக்கி, உச்சியிலிருந்து தொங்கவிட்ட தூக்குக்குண்டு எவ்வளவு நகர்கிறது என்று தரையில் ஒட்டிய கிராஃப் தாளில் பார்த்தோம். கண்ணுக்குத் தெரியும்படி நகரவில்லை. அப்புறம் மேஸ்திரியே ஏறி நின்றார். அப்புறம் வகுப்பில் பாதிப் பேர் ஏறினார்கள். மொத்தத் தடிமன் இரண்டரை அங்குலத்துக்குள்.

மதிப்பீட்டுக் குழுவில் வெளியிலிருந்து வந்த நிபுணர்கள் இருந்தார்கள். வெயிலில் வாசல் வரை நடந்து வந்து பார்த்தார்கள். ஒருவர் கேட்டார்: “இதில் ஆர்க்கிடெக்ட் செய்தது எது, கொத்தனார் செய்தது எது?” கேலியாகத்தான் கேட்டார். மேலே குளிரறையில் ஒரு விமான நிலையத் திட்டம் காத்திருந்தது. அந்தி வானமும் கண்ணாடியில் மேகமும் ஈரத் தரையில் விளக்கொளியுமாகப் படம் அமர்க்களம். அதற்குத்தான் முதல் மதிப்பெண். அந்த விமான நிலையத்தின் கூரை எப்படி நிற்கும் என்று யாரும் கேட்டதாக நினைவில்லை.

எது யார் செய்தது என்ற அந்தக் கேள்வியை நான் மறக்கவில்லை. 2016-இல் வெனிஸ் கட்டடக்கலைக் கண்காட்சியில் ஜூரிக்கின் ஈடிஹெச் பல்கலைக்கழகத்து பிலிப் பிளாக் குழு ஒரு கல் கவிகையை நிறுத்தியது. 399 சுண்ணாம்புக்கற்கள், துளிச் சாந்து கிடையாது, 16 மீட்டர் தாண்டுகிறது, மெலிந்த இடத்தில் தடிமன் ஐந்து சென்டிமீட்டர். ஒவ்வொரு கல்லின் முகமும் கணினியில் பிறந்தது, இயந்திரத்தில் வெட்டப்பட்டது. அதைச் செய்தவர்கள் என்று ஆய்வுக்குழுவின் பெயர், பொறியாளர்களின் பெயர், கூடவே டெக்சாஸிலிருந்து வந்து கல் பொருத்திய எஸ்கோபெடோ குழுவின் பெயர், மூன்றையும் சேர்த்தே போடுகிறார்கள். எது யார் செய்தது என்று பிரிக்க முடியாதபோது எல்லார் பெயரையும் போடுவதுதானே முறை.

எங்கள் கதையில் பெயர்ப் பிரச்சினை கணக்குப் பிரிவில் வந்தது. மேஸ்திரிக்கும் அக்காவுக்கும் சிறப்பு விரிவுரையாளர்களுக்கான மதிப்பூதியம் தர வேண்டும் என்று சார் எழுதிக் கேட்டார். பட்டச் சான்றிதழின் நகலை இணைக்கச் சொல்லித் தாள் திரும்பி வந்தது. கடைசியில் இருவருக்கும் கழிப்பறை வேலைக் கணக்கிலேயே நாள் கூலி எழுதினார்கள். சுவர் தள்ளுமா என்று கேட்ட அந்த ஒரு கேள்விக்கு, எந்த ஆலோசகரும் அந்தக் கூலியைவிடப் பல மடங்கு வாங்கியிருப்பார்.

சில ஆண்டுகள் கழித்து வேறு வேலையாகப் பாபநாசம் போயிருந்தேன். அருகே திருப்பாலைத்துறைக் கோயிலில் நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் இருக்கிறது. செங்கல்லால் எழுப்பிய கூம்பு மாடம்; 3,000 கலம் நெல் கொள்ளும் என்பார்கள். காவிரிப் படுகையில் ஹூக்கின் புதிர் அவிழ்வதற்கு முன்பே கட்டியது. சங்கிலி மாட்டினார்களா, மண் குவித்தார்களா, யார் கண்ணில் அந்த வளைவு இருந்தது என்று சொல்லும் கல்வெட்டு எதையும் நான் பார்க்கவில்லை.

வாசல் நிழல் இன்றும் நிற்கிறது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் உணவுக்கூடத்தின் தகரக் கூரையைப் பறக்கவிட்டபோதும் நின்றது. நிர்வாகம் அதற்கு நீல எமல்ஷன் அடித்து, கல்லூரிச் சின்னம் வரைந்திருக்கிறது. உள்ளே தட்டோடு இருப்பது புதிதாக வருகிறவர்களுக்குத் தெரியாது. கான்கிரீட் என்று நினைத்துக்கொள்கிறார்கள். காவலர்களுக்கு அதனால் ஒன்றும் குறைவில்லை. உட்காரலாம், சாயலாம், மதியம் உள்ளே வெயில் வராது.

2021-இல் சென்னை ஐஐடி வளாகத்தில், அங்கே படித்தவர்கள் தொடங்கிய த்வஸ்தா நிறுவனம் 600 சதுர அடியில் ஒரு வீட்டை முப்பரிமாண அச்சில் எழுப்பியது. குழாய் வழியே ஒழுக வேண்டும், ஆனால் அடுத்த வரி ஏறும்போது அமுங்கவும் கூடாது. அப்படி ஒரு கலவைப் பதத்தில்தான் அந்த வித்தை முழுவதும் அடங்கியிருக்கிறது. செய்தியைப் படித்தபோது எனக்குச் சித்தாள் அக்காவின் விரல்தான் ஞாபகம் வந்தது. கருவிகள் இனியும் மாறும். இப்போது என் அலுவலகத்துக்குப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் நாங்கள் ஒரு பருவம் முழுக்கச் செய்ததை ஒரு மதியத்தில் திரையில் செய்துவிடுகிறார்கள். அதில் எனக்குக் குறையில்லை, சந்தோஷம்தான். வடிவம் சீக்கிரம் கிடைத்தால் பலகையையும் ஓட்டையும் அளக்க நேரம் மிஞ்சும். அந்த மிச்ச நேரத்தையும் படத்துக்கு மேகம் பூசச் செலவழிப்பதுதான் எனக்குப் பிடிக்காதது.

இந்த ஆண்டு இறுதித் திட்டத்தைத் தொடங்கும் மாணவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மாதிரியை முடித்துவிட்டுக் கட்டித் தரச் சொல்லி மேஸ்திரியிடம் போகாதீர்கள். முதல் கோடு போடும் முன் போங்கள். சிஎன்சி கடைக்கும் அப்படியே, கோப்போடு போகாமல் கேள்வியோடு போங்கள். மேஸ்திரியோ கடைக்காரரோ உங்களுக்காக உட்கார்ந்து பேசிய நாளுக்கு, ஒரு கல்லும் வைக்காவிட்டாலும், முழுக் கூலி கொடுத்துவிடுங்கள். வரைபடத் தாளின் ஓரத்தில் உங்கள் பெயர் எழுதும் கட்டத்தில் இன்னும் இரண்டு பெயருக்கு இடம் இருக்கிறது; அவர்களிடம் கேட்டு, சரியாக எழுதுங்கள்.